தோணிப்பாறை இணைப்பு

ஜூலை 3, திங்கள்

மழையோடு மலையேறினோம். முன் இருக்கைக்காரர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. நடத்துநர் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார், பயணச்சீட்டு தருவதுபோல.

தோணிப்பாறை எஸ்டேட் மருந்தகம். தகரக் கூரை, ஈரச் சுவர், ஒரே ஒரு கணினி. கோவையிலிருக்கும் எங்கள் டிரஸ்ட் மருத்துவமனைதான் இதையும் நடத்துகிறது. நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் கோவை சர்வரில் இருக்கின்றன. யாராவது வந்து உட்கார்ந்தால், கூரைமேல் உள்ள டிஷ் வழியாக அவர் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய பாதை. மழை வந்தால் இன்னும் மெலிகிறது.

அந்தப் பாதையில் போவதைச் சுருக்கி அனுப்ப வைப்பது என் வேலை. மாதம் முடிவதற்குள். இல்லையென்றால் வியாழக்கிழமை நடக்கும் கர்ப்பிணி கிளினிக்கைப் பொள்ளாச்சிக்கு மாற்றிவிடுவார்கள். நிர்வாக அதிகாரி ஞானசுந்தரம் சார் கிளம்பும்போது சொன்னது: "ஃபைலே தொறக்காத எடத்துல டாக்டரை உக்கார வெச்சு என்னம்மா பண்றது?" கெட்ட மனிதர் இல்லை. கேள்வியும் தப்பில்லை.

செவிலியர் எஸ்தர் என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷமும் ஒருத்தர் வந்தாரு. டிஷ்ஷ அந்தப் பக்கமா திருப்பி வெச்சாரு. மூணு நாளு மீன் கொழம்பு சாப்பிட்டாரு. போயிட்டாரு. நீங்க எத திருப்பப் போறீங்க, கம்ப்யூட்டர் மேடம்?"

"நான் மீன் சாப்பிடமாட்டேன் சிஸ்டர்."

"அப்ப ஒரு நாள்ல போயிருவீங்க."

வீட்டிலிருந்து சபரி அழைத்தான். சேர்ந்துட்டியா. ம். சாப்பிட்டியா. ம். சரி, தூங்கு.

ஜூலை 4

சுருக்குவது கடினமில்லை. ஒரு கர்ப்பிணியின் கோப்பில் ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எடை. ரத்த அழுத்தம். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது. ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் 'முன்பு சொன்னதே' என்று குறித்துவிட்டால் கோப்பு கால்வாசியாகிவிடும்.

ஒத்துக்கொள்வதுதான் கடினம். இந்த முனை சுருக்கும் முறை அந்த முனைக்கு விரிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு இணைப்பும் தொடங்கும்போது சின்னதாக ஒரு பேச்சு நடக்கிறது. இங்குள்ள கணினி தனக்குத் தெரிந்த முறைகளைப் பட்டியலாகச் சொல்லும். சர்வர் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லாவிட்டால் இணைப்பை மறுத்துவிடும்.

மறுத்துவிடுமோ என்ற பயத்தில் பட்டியலின் கடைசியில் 'சுருக்காமல்' என்றும் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். எப்படியும் இணைப்பு கிடைத்துவிடும்.

இந்தக் கணினியில் இருக்கும் மென்பொருள் பழையது. புதியதை இறக்க வேண்டும், அதே மெல்லிய பாதையில். ஓடிக்கொண்டிருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 6, வியாழன்

கிளினிக் நாள். ஜெனரேட்டர் கொட்டகையில் கேபிளைச் சோதிக்க வேண்டியிருந்தது. முழு நாளும் அதிலேயே போயிற்று.

மாலையில் எஸ்தர் தேநீரோடு கொட்டகைக்கு வந்தார். "கேபிள் சௌக்கியமா?"

"இருக்கு."

"காலைல இருந்து தடவிக் குடுத்துட்டு இருக்கீங்க. சௌக்கியமாத்தான் இருக்கும்."

ஜூலை 8

புதிய மென்பொருள் வந்துசேர்ந்தது. பட்டியல் எழுதினேன். முதலில் புதிய முறை, அடுத்து பழைய முறை, கடைசியில் 'சுருக்காமல்'. இணைப்பு கிடைத்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

ஞானசுந்தரம் சாருக்கு முடிந்துவிட்டது என்று தகவல் அனுப்பினேன்.

கோப்பு திறக்க முன்புபோலவே நேரமெடுத்தது. மழை, என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

துவைத்தேன். எதுவும் காயவில்லை. உள்ளங்காலில் அட்டை. உப்பு வைத்ததும் விழுந்தது. ரத்தம் நிற்க நேரமாயிற்று. கடித்ததே தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

சபரி: "அந்தச் சின்ன ரூமுக்கு வேற பெயின்ட் அடிச்சிரலாமா? ஆள் கெடச்சிருக்காரு."

"சரி."

"என்ன கலர்?"

"எதுன்னாலும்."

"சரி."

சண்டை இல்லை. நாங்கள் சண்டை போடுவதில்லை. என் அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள்.

ஜூலை 13, வியாழன்

கொட்டகைக்குப் போக முடியவில்லை. கோவையிலிருந்து வந்த டாக்டரம்மா கோப்பு ஏன் திறக்கவில்லை என்று கேட்டு என்னைக் கூப்பிட்டார்.

பெஞ்சு நிறையப் பெண்கள். கொழுந்து பறிக்கும் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்தவர்கள். ஈரக் குடைகள் மூலையில் குவிந்து கிடந்தன. சுகன்யா என்ற பெண் உள்ளே வந்தாள், ஏழாம் மாதம். எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு நின்றுவிட்டது.

ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. அது எப்போதும் அப்படியா, இப்போதுதான் ஏறியிருக்கிறதா? கோப்பில் இருக்கிறது. கோப்பு கோவையில் இருக்கிறது.

"ரிஸ்க் எடுக்க முடியாது. கீழ அனுப்பிருங்க," என்றார் டாக்டரம்மா.

"நடந்து வந்தா எனக்கு எப்பவும் இப்படித்தான் டாக்டர் இருக்கும். போன தடவையே நீங்கதான் எழுதுனீங்க," என்றாள் சுகன்யா.

"எழுதியிருப்பேன்மா. எனக்கு ஞாபகம் இல்லையே."

மழையில், ஜீப்பில், அத்தனை வளைவுகளும் இறங்கிப் பொள்ளாச்சி போனாள். அவளோடு மாமியாரும். மாலை எஸ்தருக்கு போன் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஓர் இரவு அங்கே தங்கிவிட்டு நாளை வருவார்களாம்.

எஸ்தர் என்னைக் கிண்டல்கூடச் செய்யவில்லை.

கிளினிக் கீழே போனால் வாராவாரம் எல்லோருக்கும் இதுதான். அல்லது போகாமலே இருந்துவிடுவார்கள்.

ஜூலை 14

இன்று அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரே வரி. இணைப்பில் இருக்கும்போதே சர்வரிடம் கேட்கலாம்: இந்த இணைப்பு சுருக்கப்படுகிறதா?

இல்லை.

ஒரு வாரமாகவே இல்லை. என் பட்டியலில் மூன்று இருந்தன. சர்வர் மூன்றாவதை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிழைச் செய்தி கிடையாது, ஏனென்றால் அது பிழை இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்று.

நான் என்ன கேட்டேன் என்பதை மட்டும் பார்த்தேன். என்ன கிடைத்தது என்று பார்க்கவில்லை.

ஜூலை 15

கோவை சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தியோடர் சார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் அலுத்துப்போயிருந்தார்.

"சார், சர்வர் பக்கம் என்னென்ன முறை வெச்சிருக்கீங்க?"

"ஏனுங் தாரணி, கனெக்ட் ஆகுதுங்களா இல்லீங்களா?"

"ஆகுது சார்."

"அப்புறம் என்னங்?"

"சுருக்காமத்தான் போகுது."

"போகுதுல்லங்? போகாம இருந்தா சொல்லுங்க, பாக்கறேன். எனக்கு இங்க ஆறு பில்லிங் கவுன்ட்டர் ஓடிட்டிருக்கு."

வைத்துவிட்டார். மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூலை 17

பதில் இல்லை. கூரையில் குரங்குகள். டிஷ்ஷின்மேல் ஒன்று உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூலை 19, புதன்

மதியம், பட்டியலிலிருந்து 'சுருக்காமல்' என்ற வரியை நீக்கினேன். என்ன ஆகும் என்று பார்க்க.

இணைப்பு மறுக்கப்பட்டது. உடனே. இங்கு வந்தபின் நான் பார்த்த வேகமான பதில் அது.

ஆக, கோவை சர்வருக்கு எந்த முறையிலும் சுருக்க அனுமதி இல்லை. அதன் பட்டியலில் 'சுருக்காமல்' ஒன்று மட்டும்தான் இருந்திருக்கிறது. நான் எதைக் கேட்டிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும்.

தியோடர் சாரை அழைத்தேன். எடுக்கவில்லை. நாளை வியாழன். வரியைத் திரும்பப் போடப் போனேன். பின்னால் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மேடம், மொத்தமாப் போச்சா?"

சொன்னேன். அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வரி இருந்தா என்ன ஆகும்?"

"முன்ன மாதிரியே வரும். மெதுவா."

"இல்லாட்டி?"

"வராது. ஆனா கோவைல தெரியும். ஒவ்வொரு தடவை மறுக்கும்போதும் அங்க பதிவாகும். யாராவது பாத்துத்தான் ஆகணும்."

எஸ்தர் கணினியைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"அரைகுறையா வர்றதாலதான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்குறாங்க. வராம இருக்கட்டும். எங்கிட்ட எல்லாரோட கார்டும் இருக்கு, பிரஷர் எழுதி வெச்சது. நாளைக்கு ஒரு நாள் நான் பாத்துக்கறேன்."

"டாக்டரம்மா கத்துவாங்க."

"கத்தட்டும். கத்துறது கோயமுத்தூர் வரைக்கும் கேக்கட்டும்."

வரியைப் போடவில்லை.

ஜூலை 20, வியாழன்

கத்தினார். முதலில் என்னிடம். பிறகு போனில் ஞானசுந்தரம் சாரிடம். எஸ்தர் கார்டுகளை அடுக்கி வைத்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார். யாரையும் கீழே அனுப்ப வேண்டியிருக்கவில்லை. சாப்பாடு இல்லாமல் இருட்டும்வரை ஓடியது.

ஞானசுந்தரம் சார் என்னிடம்: "அடுத்த வியாழன் நானே வர்றேன். இதே நெலமைன்னா ஆகஸ்ட்லேருந்து பொள்ளாச்சி. உங்க மேல கோவமில்ல. முடியலன்னா முடியலன்னு விட்டுரலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

ஜூலை 21

தியோடர் சாரே அழைத்தார்.

"என்னங் தாரணி இது? லாக் பூரா உங்க எஸ்டேட்டுதான். நிமிஷத்துக்கு நிமிஷம் ரெஃப்யூஸ், ரெஃப்யூஸ்னு. காலைல வந்தொடனே ஜி.எம். கேக்கறாரு, என்ன பதில் சொல்றது?"

"நீங்க ஏன் மத்த முறையெல்லாம் எடுத்துட்டீங்க சார்?"

அவர் அறையின் ஏசி சத்தம் கேட்டது.

"போன ஜூன்ல, உங்களுக்கு முந்தி வந்தாரே, அவரு வெச்சுட்டுப் போனாரு. எல்லா கிளினிக்குக்கும். எந்த அளவுல வெச்சாருன்னு தெரியுமுங்களா? உச்சத்துல. எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுருக்குன்னு. சுருக்கறதுக்கு இங்க சர்வர்தானுங்களே மூச்சு வாங்கணும்? ஒரு திங்கக்கெழம காலைல பில்லிங் மொத்தமும் நின்னு போச்சு. டிஸ்சார்ஜ் ஆனவங்க குழந்தையத் தூக்கிட்டு நின்னுட்டிருக்காங்க, வெளிய போக முடியல. மெமோ யாருக்கு வந்துது? எனக்கு. எடுத்துட்டேன். எடுத்ததுக்கப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எல்லாம் கனெக்ட் ஆச்சு."

"மெதுவா."

"மெதுவாத்தான். மெதுவா இருந்தா மெமோ வராதுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அவர் செய்ததை அவர் இடத்தில் நானும் செய்திருப்பேன்.

"சார், உச்சம் வேண்டாம். கீழ் அளவு போதும். இந்த ஃபைல்ல ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருது, கொஞ்சம் சுருக்கினாலே பாதிக்கு மேல குறையும். தோணிப்பாறைக்கு மட்டும் குடுங்க. மத்த கிளினிக்ல நான் கை வைக்கல."

"ஸ்கேன் படம்?"

"அது ஏற்கெனவே சுருக்கினது. அத விட்டுரலாம். எழுத்து மட்டும்."

"சர்வர் ஏறுச்சுன்னா?"

"உடனே எடுத்துருங்க. ஆனா எடுத்தேன்னு எனக்குச் சொல்லணும்."

நீண்ட பெருமூச்சு. "நீங்களும் அந்தக் கடைசி வரியத் திரும்பப் போட மாட்டீங்க?"

"மாட்டேன்."

"அப்ப நான் எடுத்தா உங்களுக்குத் தன்னால தெரிஞ்சிருமுங்களே."

"ஆமா சார். அதுக்குத்தான்."

முதல் முறையாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை, ஆனாலும்.

ஜூலை 22

கேட்டேன். சர்வர் பதில் சொன்னது: ஆம். அடுத்த வரியில், முறையின் பெயர்.

ஜூலை 24

மூன்று நாளாகத் தியோடர் சார் காலையும் மாலையும் ஓர் எண்ணை அனுப்புகிறார். சர்வரின் சுமை. ஏறவில்லை. இன்று எண்ணுக்குக் கீழே, 'மழையா?' என்று கேட்டிருந்தார்.

சபரி அழைத்தான். பெயின்ட் ஆள் நாளை வருகிறாராம். வெளிர் சாம்பல் என்று முடிவு செய்திருக்கிறான். சரி என்றேன்.

எஸ்தர் இன்று திடீரென்று கேட்டார். "வியாழக்கெழமன்னா ஏன் மேடம் கொட்டகைக்குப் போயிருறீங்க?"

"கேபிள்."

"நான் இந்த வேலைக்கு வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசிகளை எண்ணத் தொடங்கினார்.

ஜூலை 27, வியாழன்

ஞானசுந்தரம் சார் காலையிலேயே வந்துவிட்டார். வளைவுகளில் அவருக்கும் வாந்தி. எஸ்தர் மோர் கொடுத்தார். சார் கணினிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கோப்புகளை நானே திறந்து, படித்துச் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் உத்தரவு, போன வாரத்துக்கான தண்டனையாக இருக்கலாம்.

வெளியே நல்ல மழை. முதல் பெயரை அடித்தேன். கோப்பு திறந்தது. வட்டம் சுற்றவே இல்லை.

"அட," என்றார் ஞானசுந்தரம் சார்.

பெண்கள் வந்தார்கள், போனார்கள். மதியத்துக்குள் பாதி பெஞ்சு காலி. எஸ்தர் அவர் பக்கம் குனிந்து, "மதியத்துக்கு மீன் கொழம்பு சார். சாப்பிடுவீங்கல்ல?" என்றார். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

சுகன்யா வந்தாள். படுத்தாள். எஸ்தர் அவள் வயிற்றில் சிறிய கருவியை வைத்தார். குழந்தையின் இதயத்துடிப்புச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. வேகமாக, ஓடிவருகிற காலடிகள்போல. நான் முதன்முதலில் அதைப் பிப்ரவரியில் கேட்டேன்.

"மொதல் பிரசவமா இது?" என்றார் டாக்டரம்மா கைகழுவிக்கொண்டே. "ஹிஸ்டரி படிங்க தாரணி."

முன்பு என்றால் கோப்பு வருவதற்குள் எழுந்து வெளியே போயிருக்கலாம். தண்ணீர் குடிக்க, கேபிள் பார்க்க. பெயரை அடித்த கையோடு எல்லாம் திரையில் இருந்தது.

படித்தேன். "முந்தைய கர்ப்பம், ஒன்று. பதினைந்தாவது வாரம், கலைந்தது."

என் குரல் சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா டாக்டர்," என்றாள் சுகன்யா, கூரையைப் பார்த்தபடி. "போன ஆடில. மூணு மாசம் வீட்டுல யாருமே அதப் பத்திப் பேசல. அப்புறம் நானே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், இப்படியே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்னு."

"அழுத்தம் பழையபடிதான் இருக்கு, பயமில்ல," என்றார் டாக்டரம்மா. "அடுத்து யாரு?"

அடுத்த பெயரை அடித்தேன். அதற்கடுத்த பெயரையும். கடைசிப் பெண் போகும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை.

போகும்போது ஞானசுந்தரம் சார் சொன்னார்: "கிளினிக் இங்கயே இருக்கட்டும். இறங்குறதுக்குள்ள எனக்கே உயிர் போயிரும், அவங்க எப்படி இறங்குவாங்க?"

எஸ்தர் என் தோளில் கைவைத்தார். எடுத்துவிட்டார்.

ஜூலை 28

நேற்று மாலை நானே சபரியை அழைத்தேன். அதை மட்டும் நேற்று எழுத முடியவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான்.

"மார்ச்ல நடந்ததப் பத்திப் பேசணும்."

"சரி."

"சரின்னு சொல்லாத. எதுக்கும் சரின்னு சொல்லாத இன்னைக்கு."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் திரும்ப அழைப்பதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். மருந்தக வாசலில் நின்றிருந்தேன். மலைச்சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"நீ ஒரு தடவகூட அழல தாரணி. நான் அழுதா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"நீ அழலன்னுதான் நானும்."



பிறகு அவன் சொன்னான். அன்று என்னை உள்ளே கொண்டுபோன பிறகு, மருத்துவமனை வாசலில் நின்றிருக்கிறான். வண்டியை எடுக்கச் சொல்ல வந்த காவலாளி, உள்ளே யார் என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்ன?"

"வொய்ஃபும் பொண்ணும்னு சொன்னேன்."

ஆணா பெண்ணா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. சொல்லும் அளவுக்கு வளரவும் இல்லை.

"பொண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நான் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். உங்கிட்ட சொல்லல."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.